தோட்டத்திலிருந்து திரையரங்குக்கு: குடும்பத்தோடு முதன்முறை படம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு மறுநாள், எங்கள் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து) ஒன்பது பேர் வான் (வேன்) பிடித்து, மூன்று மணி நேரம் மலையிறங்கி, படம் பார்க்காமலே திரும்பி வந்தோம். நகரத்துச் சுவரொட்டியில் படத்தின் பெயர் இருந்தது. அதை நம்பிப் போனோம். போன பிறகுதான், நாங்கள் குறித்து வைத்திருந்த நேரத்தில் அந்தப் படத்தின் தெலுங்குப் பதிப்பு ஓடுகிறது என்பதும், தமிழ்ப் பதிப்புக்கு இரவுக் காட்சி மட்டுமே உண்டு என்பதும், அதற்கும் ஆசனங்கள் நிரம்பிவிட்டன என்பதும் தெரிந்தது. வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்துக் களைத்திருந்த எங்கள் அப்பாயி (அப்பாவின் அம்மா), வானை விட்டு இறங்காமலே ஊர் திரும்பினார். நான்கு மாதங்கள் கழித்து, எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்து, அதே ஆட்களோடு கண்டிக்குப் போய் நிம்மதியாகப் படம் பார்த்து வந்தோம். அந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில் நான் அறிந்துகொண்டவற்றை, இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

1. யாருக்காகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாப் படங்களும் கைத்தொலைபேசியிலேயே வந்துவிடுகின்றனவே, இவ்வளவு செலவு செய்து எதற்குப் போக வேண்டும் என்று உங்கள் வீட்டிலும் யாராவது கேட்பார்கள். என் பதில் இது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் அம்மா ஒரு படத்தை முழுதாகப் பார்த்து நான் கண்டதில்லை. தொலைக்காட்சி ஓடும்போது அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். பீலியில் (பொதுக் குழாயில்) தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது கூப்பிட்டால் எழுந்து போவார். பக்கத்துக் காம்பராவின் தொலைக்காட்சிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்து கதையோடு கலந்துவிடும். திரையரங்கில் மட்டுமே அவர் மூன்று மணி நேரம் கையில் வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். திரையின் அகலமும் ஒலியும் பெரிய விஷயங்கள்தாம். ஆனால் கைகள் சும்மா மடியில் கிடக்க, இருட்டில் நூறு பேரோடு ஒரே கதைக்குச் சிரிப்பதும் கண் கலங்குவதும் வீட்டில் கிடைக்காதவை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதியவர்களுக்காகப் போகிறீர்களா, இளைஞர்களின் ஆரவாரத்துக்காகப் போகிறீர்களா என்பதைப் பொறுத்து நாள், நேரம், ஆசனம் எல்லாமே மாறும். பெரிய நடிகரின் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சியில் எழும் விசிலும் கைதட்டலும் ஒரு திருவிழாவுக்குச் சமம். அதற்கென்றே போவதும் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சத்தத்தில் வசனம் பாதி காதில் விழாது. அப்பாயியோடு போவதென்றால் அந்தக் காட்சியைத் தவிர்த்துவிடுங்கள்.

2. திரையரங்கையும் படத்தின் பதிப்பையும் தெரிவு செய்யுங்கள்

மேற்கு மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடிய பெரிய நகரம் கண்டி. கண்டி நகர மையத்திலுள்ள, பல திரைகள் கொண்ட அரங்கில் மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் இருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது வசதி. பழைய ஒற்றைத் திரை அரங்குகளில் நுழைவுச்சீட்டு விலை குறைவாக இருக்கும். அங்கே கலரி, ஓடிசி (கீழ்த்தளத்து ஆசனங்கள்), பால்கனி, பொக்ஸ் என்று வகுப்புகள் உண்டு. பால்கனிக்குப் படியேற வேண்டும் என்பதால் முதியவர்களோடு போகிறவர்களுக்கு ஓடிசியே நல்லது. கொழும்பில் வெள்ளவத்தை சவோய், தெஹிவளை கொன்கோர்ட் ஆகியவை தமிழ்ப் படங்களுக்குப் பெயர்பெற்றவை. ஆயினும் மலையிலிருந்து ஒரே நாளில் கொழும்புக்குப் போய் வருவது வயதானவர்களால் முடியாத காரியம். அங்கே பிள்ளைகளோ உறவினரோ வேலை செய்து, இரவு தங்க இடம் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

எங்களைக் கவிழ்த்தது பதிப்புதான். இப்போது பல தென்னிந்தியப் படங்கள் தமிழ், தெலுங்கு, ஹிந்தி என்று ஒரே நாளில் வெவ்வேறு மொழிகளில் வெளியாகின்றன; ஒரே அரங்கில் ஒரே படத்தின் இரண்டு பதிப்புகள் வெவ்வேறு நேரங்களில் ஓடுவதும் உண்டு. சுவரொட்டியில் படத்தின் பெயர் தமிழில் இருப்பதால் காட்சியும் தமிழில் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தொலைபேசியில் கேட்கும்போது, “ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக் காட்சி தமிழ்ப் பதிப்புத்தானா?” என்று நாளையும் நேரத்தையும் மொழியையும் ஒரே கேள்வியில் சேர்த்துக் கேளுங்கள்.

வயது வரம்பையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இந்தியாவில் 2024 நவம்பரிலிருந்து, பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்னும் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது எனப் பிரித்து வழங்குகிறார்கள்; ஆனால் அந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது. இலங்கையில் தனியாகப் பரிசீலித்தே அனுமதி கொடுக்கிறார்கள். ஆகவே இந்திய முன்னோட்டத்தில் யு/ஏ என்று கண்ட படம் இங்கே வயது வந்தோருக்கு மட்டும் என்று வரக்கூடும். அப்படி வந்தால் 18 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்பதைவிட ஒரு தொலைபேசி அழைப்பு மலிவானது.

3. நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

எங்கள் அனுபவத்தில் மிகவும் பொருத்தமானது, சம்பளம் கைக்கு வரும் 10ஆம் திகதிக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமை. படம் வெளியாகி இரண்டாவது ஞாயிறாக அது அமைந்தால் மிக நல்லது. முதல் வாரத்துக் கூட்டம் குறைந்திருக்கும். மூன்றாவது வாரம் வரை காத்திருக்க வேண்டாம். அதற்குள் புதுப் படம் வந்து, தமிழ்க் காட்சிகளைக் குறைத்துவிடுவார்கள் அல்லது இரவுக்குத் தள்ளிவிடுவார்கள். போயா நாளில் (பௌர்ணமி விடுமுறையில்) போக எண்ணினால், அன்று அரங்கு திறந்திருக்குமா என்று கேட்காமல் எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள்.

கொழுந்து கூடும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மலையில் வேலை கொடுக்கக்கூடும். ஒரு பேரை (ஒரு நாள் சம்பளத்தை) இழந்துவிட்டு அம்மா நிம்மதியாகப் படம் பார்க்கமாட்டார் என்பதை நினைவில் வைத்து, முந்திய வாரமே கணக்கப்பிள்ளையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காட்சி நேரம் பகல் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: படம் இரண்டே முக்கால் மணி நேரம், இடைவேளை கால் மணி, தொடக்கத்து விளம்பரங்கள் கால் மணி என்று வைத்தால், ஒன்றரைக்குத் தொடங்கும் காட்சி முடிய நாலே முக்கால் ஆகும். கண்டியிலிருந்து ஹட்டன் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். வானில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், பஸ்ஸில் மூன்று மணி நேரம். அதற்கு மேல் உங்கள் தோட்டத்துப் பாதை இருக்கிறது. மாலைக் காட்சிக்குப் போனால் வீடு சேர நள்ளிரவாகிவிடும். மறுநாள் காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) எழ வேண்டியவர்கள் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். தீபாவளி பெரும்பாலும் ஐப்பசி மழையோடு வருகிறது. மண்சரிவு அபாயம் உள்ள பகுதிகளுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. நீங்கள் கடந்து போகும் பிரதேசங்களில் ஏதேனும் ஒன்றுக்குச் செம்மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால், நுழைவுச்சீட்டுப் பணம் போனாலும் பரவாயில்லை என்று பயணத்தை நிறுத்திவிடுங்கள். பாதை நிலையைக் கேட்க அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் இருக்கிறது.

4. வானைப் பேசுங்கள்

மூன்று நான்கு பேர் என்றால் பஸ்ஸிலேயே போகலாம். ஆனால் நகரத்தில் இறங்கியவுடன் முதல் வேலையாக, உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஹட்டனுக்கு பஸ் கிடைத்தாலும், அங்கிருந்து தோட்டத்துக்குப் போகும் பஸ் அந்த நேரத்தில் இருக்காது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரவில் ஓட்டோவுக்குக் கொடுக்கும் பணம் பஸ்ஸில் மிச்சம்பிடித்ததையெல்லாம் தின்றுவிடும்.

பத்துப் பேருக்கு மேல் இருந்தால் வான்தான் வழி. ஹயர் பேசும்போது தொகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். படம் முடியும் வரை காத்திருக்கும் கட்டணம் அதில் அடங்குமா, தோட்டத்து மண்பாதையில் லயம் வரை வருவாரா அல்லது தார்ப்பாதையிலேயே இறக்கிவிடுவாரா, வாகனம் நிறுத்தும் கட்டணம் யாருடையது, சாரதியின் சாப்பாடு யாருடையது என்ற நான்கையும் கேளுங்கள். எங்கள் முதல் பயணத்தில் காத்திருக்கும் கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் விட்டதால், பார்க்காத படத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தோம். பேசி முடித்ததும் மொத்தத் தொகையைக் குறுஞ்செய்தியாக அனுப்பி, சாரதியிடமிருந்து ‘சரி’ என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வானை இரண்டு வாரங்களுக்கு முன் சொல்லி வைக்க வேண்டும். அரங்குகளோ வார இறுதிக் காட்சி நேரத்தைச் சில நாள்களுக்கு முன்புதான் வெளியிடுகின்றன. ஆகவே சாரதியிடம் நாளை மட்டும் ஒதுக்கி வைக்கச் சொல்லி, புறப்படும் நேரத்தை வியாழக்கிழமை உறுதி செய்வதாக ஒப்புக்கொள்ளுங்கள். முற்பணத்தையும் அன்றே கொடுங்கள்.

5. நுழைவுச்சீட்டைப் பதிவு செய்யுங்கள்

இணையத்தில் பதிவு செய்ய வங்கி அட்டை வேண்டும். தோட்டத்தில் பலரிடம் சம்பளம் எடுக்கும் அட்டை இருக்கிறது. ஆனால் வங்கியில் கேட்டு இணையக் கொடுப்பனவுக்குத் திறந்துவிட்டால்தான் அது சில கணக்குகளில் வேலை செய்யும். இதை முதல் நாள் இரவில் கண்டுபிடித்துப் பயனில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பணம் செலுத்தும்போது வரும் இரகசிய இலக்கம், வங்கியில் பதிந்த தொலைபேசிக்கே வரும். அப்பாவின் அட்டையைப் பயன்படுத்தினால் அப்பாவின் தொலைபேசியும் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் சிக்னலும் இருக்க வேண்டும். எங்கள் லயத்தில் சிக்னல் இல்லாததால் நான் கோயில் மேட்டுக்கு ஏறித்தான் பதிவு செய்தேன்.

ஆசன வரைபடம் வரும்போது அவசரப்படாதீர்கள். எந்தப் பக்கத்தில் திரை இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். முதல் எழுத்தைத் திரைக்கு அருகில் வைக்கும் அரங்கும் உண்டு, கடைசி வரிசையில் வைக்கும் அரங்கும் உண்டு. திரையிலிருந்து பின்சுவர் வரை மூன்று பங்காக்கினால், இரண்டு பங்கு தாண்டிய இடத்தில், நடுவில் உட்காருவது படத்துக்கும் ஒலிக்கும் நல்லது. முதியவர்களுக்கும் சிறு பிள்ளையோடு வருபவர்களுக்கும் மட்டும் அதே வரிசையின் ஓரத்தை எடுங்கள். நடுவில் எழுந்து போக வேண்டி வந்தால் யாருடைய காலையும் மிதிக்க வேண்டியதில்லை.

கடைசிப் பொத்தானை அழுத்துமுன் திகதி, நேரம், மொழி, ஆசன எண்ணிக்கை ஆகிய நான்கையும் இன்னொருவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பதிவு செய்த பிறகு பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். சேவைக் கட்டணம் என்று ஒரு சிறு தொகையும் சேரும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சீட்டு வேண்டுமா என்பது அரங்குக்கு அரங்கு மாறுவதால் அதையும் தொலைபேசியில் கேளுங்கள்.

அட்டை இல்லாதவர்கள் கண்டியில் படிக்கும் அல்லது வேலை செய்யும் பிள்ளை யாரிடமாவது சொல்லி, அரங்கின் கருமபீடத்திலேயே முன்கூட்டி வாங்கி வைக்கலாம். இதுவே எல்லாவற்றிலும் நம்பகமான வழி.

6. ஆவணங்களை ஒரே பைக்குள் வையுங்கள்

பதிவு உறுதிப்படுத்தலை டவுனில் உள்ள கொமினிகேஷனில் (பிரதி எடுக்கும் கடையில்) இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். தொலைபேசியில் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், வளைவுப் பாதையில் மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டு வந்த தொலைபேசி வாசலில் அணைந்துவிடும்.

15 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் தேசிய அடையாள அட்டையைக் கொண்டுவர வேண்டும். வயது வரம்புள்ள படத்தில், 18 வயது நிரம்பியும் சிறியவராகத் தோன்றும் இளைஞர்களைத்தான் நிறுத்திக் கேட்பார்கள். பணம் செலுத்திய வங்கி அட்டையும் கையில் இருக்கட்டும்.

நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களின் கிளினிக் கொப்பியையும் அன்றைய மாத்திரைகளையும் மறக்க வேண்டாம். வழியில் யாருக்காவது உடல்நலம் கெட்டால் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். அப்போது அந்தக் கொப்பி பெரிய உதவி. வானின் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் காலாவதியாகவில்லையா என்று சாரதியிடம் கேட்பதை மரியாதைக் குறைவாக எண்ணாதீர்கள். ஆசனத்துக்கு மேல் ஆட்களை ஏற்றவும் சம்மதிக்காதீர்கள்.

7. செலவைக் கணக்கிடுங்கள்

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால், இதை ஓர் உதாரணமாக மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் தொகைகளை இட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேர், சீட்டு ஒன்று 1,000 ரூபாய் என்றால் 10,000, சேவைக் கட்டணம் 500, வான் 24,000, வாகனத் தரிப்பிடமும் சாரதியின் சாப்பாடும் 1,500, இடைவேளைத் தின்பண்டம் 4,000. மொத்தம் 40,000, தலைக்கு 4,000. இதில் வான் மட்டும் நூற்றுக்கு அறுபது. ஆகவே செலவைக் குறைக்க மலிவான ஆசனத்தைத் தேட வேண்டாம், வானை நிரப்புங்கள். அதே வானில் 14 பேர் போனால், தலைக்கு 2,400 ஆக இருந்த வான் செலவு ஏறத்தாழ 1,714 ஆகக் குறையும்.

நாங்கள் செய்தது போல, ஒவ்வொரு சம்பளத்திலும் தலைக்கு 1,000 ரூபாய் வீதம் நான்கு மாதம் ஒருவரிடம் சேர்த்து வைப்பது எல்லோருக்கும் எளிது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். தீபாவளி முற்பணத்தை நம்பித் திட்டமிட வேண்டாம். அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு நூறு வேலை இருக்கிறது.

8. புறப்படும் நாள்

காலை எட்டு மணிக்குள் தார்ப்பாதையில் இருங்கள். வெறும் வயிற்றோடும் வேண்டாம், வயிறு நிறையவும் வேண்டாம். காய்ந்த ரொட்டி ஒன்று போதும், பால் தேத்தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள். வாந்தி வருபவர்களை முன் ஆசனத்தில் உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழமும் பொலித்தீன் பைகளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கிளினிக் மருந்து எடுப்பவர்களுக்கு வாந்தி மாத்திரை கொடுப்பதானால், முதல் நாளே மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள். கினிகத்தேனையில் ஒரு முறையும் கம்பளையில் ஒரு முறையும் நிறுத்தி இறங்கி நடந்தால் அப்பாயிக்கு வாந்தி வரவில்லை.

மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு போய், அரங்குக்குப் போகுமுன்பே சாப்பிட்டுவிடுங்கள். வெளிச் சாப்பாட்டைப் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். கண்டி வெயிலைப் பார்த்து ஸ்வெட்டர்களை வானிலேயே போட்டுவிட்டுப் போகாதீர்கள். குளிரூட்டிய அரங்கில் மூன்று மணி நேரம் அசையாமல் இருப்பது, மலையில் நடமாடிக்கொண்டே குளிரைத் தாங்குவது போன்றதல்ல.

9. அரங்குக்குள்

காட்சிக்கு அரை மணி நேரம் முன்பே போய், கழிவறைக்குப் போய்வந்து, விளக்குகள் எரியும்போதே உட்கார்ந்துவிடுங்கள். வெளிச்சத்திலிருந்து வரும் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாக. விளக்கணைந்த பின் அவர்களைப் படியில் இறக்குவது ஆபத்து.

ஆசனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரங்குக் கதிரையின் இருக்கை மேல்நோக்கி மடிந்திருக்கும்; கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்பாயி இதை அறியார். மடிந்திருந்த இருக்கையின் மேல் விளிம்பிலேயே, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி, கால் தரையில் முழுதாக ஊன்றாமல் உட்கார்ந்திருந்தார். கதிரையே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இந்தப் பக்கம் இருந்த நானும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்து, மறுபக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண் பிள்ளைதான் குனிந்து, “அப்பாயி, கொஞ்சம் எந்திரிங்க, அமத்திட்டு உக்காரணும்” என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தது. உடல் எடை குறைந்தவர்களுக்கு, உட்கார்ந்த பிறகும் இருக்கை மேலெழும்பும். மடித்த ஸ்வெட்டரை முதுகுக்குப் பின்னால் வைத்து, சற்று முன்னுக்குத் தள்ளி உட்காரச் செய்யுங்கள். நீங்கள் உட்காருமுன் அவர்களை உட்கார வையுங்கள்.

ஒலி பலமாக இருக்கும். கைக்குழந்தையின் காதுகளை முதல் சண்டைக் காட்சிக்கு முன்பே மூடிக்கொள்ளுங்கள். அழுதால் உடனே வெளியே தூக்கிப் போங்கள். அதற்கென்று யார் எழுந்து போவது என்பதை முன்பே பேசி, அம்மா அல்லாத ஒருவரை நியமியுங்கள். பிள்ளையோடு எழுந்து போவதே வழக்கமாகிவிட்ட அம்மாவை அன்று ஒரு நாளாவது உட்கார விடுங்கள். தொலைபேசிகளை அணைத்துவிடுங்கள், திரையைப் படம் பிடிப்பது குற்றம், பிடித்தால் வெளியேற்றிவிடுவார்கள்.

இடைவேளை பத்து, பதினைந்து நிமிடம்தான். எல்லோரும் தின்பண்ட வரிசையில் நிற்காமல் இருவரை மட்டும் அனுப்புங்கள். மற்றவர்கள் முதியவர்களைக் கழிவறைக்குக் கூட்டிப் போகட்டும்.

10. திரும்பி வருதல்

படம் முடிந்ததும் கூட்டம் கலையும் வரை ஐந்து நிமிடம் ஆசனத்திலேயே இருங்கள். வானுக்குள் ஏறியதும் ஆட்களை எண்ணுங்கள். கிளினிக் கொப்பியும் அடையாள அட்டைகளும் பையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வான் கணக்கின் மீதியைப் புறப்படுமுன் நகரத்தில் கொடுக்காமல், லயத்து வாசலில் இறங்கிய பின் கொடுங்கள். தார்ப்பாதையில் இறங்க வேண்டியவர்கள் டோர்ச் கொண்டுவர வேண்டும். எட்டரை மணிக்கு மேல் தேயிலை மலைக்குள் நடக்கும் பாதையில் தொலைபேசி வெளிச்சம் போதாது. அன்றிரவே கொப்பியில் உண்மையான செலவையும், அரங்கின் இலக்கத்தையும், நல்ல ஆசன வரிசை எது என்பதையும் எழுதி வையுங்கள். எங்கள் கொப்பியின் அந்தப் பக்கத்தைப் பார்த்து இதுவரை பக்கத்து டிவிஷனிலிருந்து இரண்டு வான்கள் போய் வந்திருக்கின்றன.